உங்களுக்குத் தெரியுமா? பழமரத்துக்குக் காசு, காட்டுக்கு இல்லையா?
மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி பக்கம், சிங்கப்பூரின் தண்ணீர்த் தேவைக்கான லிங்கியு அணைக்காக 53,000 ஏக்கருக்கும் அதிகமான காட்டை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அதற்காகச் சிங்கப்பூர் ஜோகூருக்குக் கொடுத்தது 32 கோடி ரிங்கிட். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை நம்பிப் பிழைத்த ஜாக்குன் பூர்வகுடிகளுக்கோ பழமரம், பயிர் பச்சைக்கென்று சுமார் 5.6 லட்சம் ரிங்கிட்தான்! அதற்குமேல் பாக்கியில்லை என்றது அரசுத் தரப்பு. 52 பேர் வழக்குப் போட்டார்கள்.

மூதாதையர் நிலத்தில் பிழைக்கும் உரிமையும் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு காக்கும் சொத்தே. போதிய இழப்பீடின்றி அரசு அதைப் பறிக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம், 1996இல். தொகை 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். (மண்ணுக்கே சொந்தக்காரர்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.) மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.