குழந்தைகளின் குடல் அழற்சியும் இரத்தப் பரிசோதனையும்

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது புதுமையன்று. பெரும்பாலும் அது சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் வயிற்றுவலியும் பேதியும் வாரக்கணக்கில் நீடித்து, மலத்தில் இரத்தம் கலந்து, எடை குறைந்து, ஒத்த வயதினரைக் காட்டிலும் உயரமும் குன்றுமானால், அதனை அஜீரணம் என்று தள்ளிவிடலாகாது. குடலில் நாட்பட்ட அழற்சி இருக்கக்கூடும்.

இந்நோய் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மற்றொன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் தோன்றக்கூடிய கிரோன் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் கிரோனும் அவர்தம் துணைவர் இருவரும் இதனை விவரித்தனர். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, உள்நோக்கிக் குழாய் செலுத்திக் குடலைப் பார்க்க வேண்டும் என்றால் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. 'சிறிது இரத்தத்தைக் கொண்டே நோயைத் தெரிந்துகொள்ள இயலாதா?' என்று அவர்கள் வினவுகின்றனர். இங்குதான் எதிர்ப்பொருள் பரிசோதனைகள் வந்து சேருகின்றன.

அயற்பொருள் என்று கருதுவதை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமே எதிர்ப்பொருள். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்கு எதிரான பொருள் கிரோன் நோயாளரிடம் மிகுந்து காணப்படுவதை 1988இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இதனை 'ஆஸ்கா' என்பர். ரொட்டி உண்டதால் நோய் வந்தது என்பது இதன் பொருளன்று. வெள்ளணுக்களைக் குறிவைக்கும் 'பி-ஆன்கா' என்னும் மற்றொன்று, பெருங்குடல் புண்நோயில் அதிகம் தென்படுகிறது.

இவை சாட்சிகளே தவிர, நீதிபதிகள் அல்ல. கிரோன் நோயுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி, அல்லது சற்று மேற்பட்டோரிடம் மட்டுமே ஆஸ்கா காணப்படுகிறது. மிகச் சிறு குழந்தைகளிடம் இன்னும் குறைவு. ஆகவே 'இல்லை' என்ற முடிவு நோயின்மைக்குச் சான்றாகாது.

'உண்டு' என்ற முடிவும் அத்தகையதே. கணக்குக்காக, வயிற்றுவலியுள்ள ஆயிரம் குழந்தைகளுள் பத்துப் பேருக்கே இந்நோய் இருப்பதாகக் கொள்வோம். பரிசோதனை அப்பத்தில் ஆறு பேரைக் கண்டுபிடிக்கிறது. எஞ்சிய 990 பேருள் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகச் சுட்டினாலும், ஏறக்குறைய ஐம்பது பேர் அகப்படுவர். ஐம்பத்தாறு பேர் கலங்க, அவர்களுள் ஆறு பேரே உண்மையான நோயாளிகள்!

நம் நாட்டில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. குடற் காசநோய் கிரோன் நோயைப் போன்றே தோற்றமளிக்கும். இவ்விரண்டையும் ஆஸ்கா பிரித்துக் காட்டவில்லை என்று இந்திய ஆய்வுகள் கண்டுள்ளன. கிரோன் என்று கருதிக் காசநோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவக்கூடும். காசநோய் என்று கருதிப் பல மாதம் மருந்து கொடுத்தால், கிரோன் நோயுள்ள குழந்தையின் வளரும் காலம் வீணாகும். பருவம் கடந்தபின் இழந்த உயரத்தை மீட்பது அரிது.

எனவே உள்நோக்கிச் சோதனையும், குடலிலிருந்து எடுத்த சிறு திசுவை நுண்ணோக்கியில் ஆராய்வதும், சிறுகுடலைப் படமெடுத்தலுமே நோயை உறுதிசெய்யும் வழிகள். அவை தேவைதானா என்று முன்கூட்டி மதிப்பிட, மலத்தில் கால்புரொடெக்டின் என்னும் புரதத்தை அளக்கும் எளிய சோதனை, இவ்வெதிர்ப்பொருள்களைக் காட்டிலும் பெரிதும் உதவுகிறது. தொற்றுநோயாலும் அப்புரதம் உயரலாம் என்பதை மறக்கலாகாது.

பணிமாற்றத்தால் மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் நம் குடும்பங்களில் மருத்துவரும் மாறுகிறார். பேசும் மொழியும் மாறுகிறது. குழந்தையின் உயரமும் எடையும் மட்டும் எம்மொழியிலும் ஒரே பொருள் தருவன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி, பழைய முடிவுத்தாள்களோடு பாதுகாத்து வருவோம். இரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வரும்போது, அதைக் கண்டு மகிழவும் வேண்டாம், மனமுடையவும் வேண்டாம். 'இதன்பின் செய்ய வேண்டுவது யாது?' என்று மருத்துவரை வினவுவதே நம் கடமை.