யானை சூட்டிய மாலை

கதை வாசிப்பது காலவிரயம் என்று கருதும் பெரியோர் நம்மிடையே பலர். நானும் அவ்வாறு எண்ணியவன்தான்.

குமராட்சியில் எங்கள் தெருத் தாய்மாரும் பிள்ளைகளும் வெள்ளிதோறும் அஸருக்குப் பின் கூடி, ஒரு நூலை உரக்க வாசித்து மகிழ்கின்றனர். அண்மையில் எடுத்துக்கொண்டது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. கொள்ளிடத்திற்கு அப்பால் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை இயற்றி, 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் அது.

செருப்பைத் தைத்துக் கொடுத்தால் 'சந்தோஷப்படுத்துவேன்' என வாக்களித்த பிரதாபன், எது கொடுத்தும் சந்தோஷமடையாத தொழிலாளியால் சிறைப்படுகிறான். ஆண் வேடத்தில் வந்த அவன் மனைவி ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்ட, அவளே அந்நாட்டின் அரசனாகிறாள்! கூடமே சிரித்தது.

"ஆண் வேடம் போடாமல் ஒரு பெண் ஆள முடியாதா, உஸ்தாது?" என்று ஒரு சிறுமி வினவினாள். சிரிப்பு அடங்கிற்று. அவளுடைய படிப்பை நிறுத்திவிட வீட்டில் பேச்சு நடப்பதை அனைவரும் அறிவோம்.

திருமறையின் 'அந்நம்லு' அத்தியாயத்தை நினைவூட்டினேன். ஸபா நாட்டை ஆண்ட பெண்ணரசி பல்கீஸ் எவ்வேடமும் பூணவில்லை. ஸுலைமான் நபியின் கடிதம் வந்தபோது தலைவர்களைக் கூட்டி ஆலோசித்தார். போரின் கேட்டை உணர்ந்து பேசினார். இறுதியில் சத்தியத்தை ஏற்றார். அறிவே அவருக்கு அணிகலன்.

சிறுமியின் தாயார் அன்று ஒன்றும் பேசவில்லை. பள்ளி திறந்த நாளில், புத்தகப் பையுடன் அவள் எங்கள் வாசலைக் கடந்து சென்றாள்.

அன்பர்களே! உங்கள் தெருவிலும் ஒரு பாய் விரியுங்கள். ஒரு கதையை வாசியுங்கள். சிரிப்பினூடே பிள்ளைகள் கேட்பதைச் செவிமடுங்கள்.