உறிஞ்சாமல் இரத்தம் குடிக்கும் மீன்

தாடையுள்ள முதுகெலும்பிகளில் இரத்தத்தை மட்டுமே உண்டு பிழைப்பவை இரண்டே கூட்டம். ஒன்று, எல்லோரும் கேள்விப்பட்ட இரத்தம் குடிக்கும் வௌவால்கள். மற்றொன்று, அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளில் வாழும் கான்டிரு என்னும் கெளுத்தி மீன்கள். வௌவாலுக்காவது நியாயமான பேர் கிடைத்தது. கான்டிருவுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பயங்கரக் கதைதான். அதன் அசல் திறமை அந்தக் கதையைவிடப் பெரிய அதிசயம்.

இவற்றில் பேர்போனது வண்டெலியா. விரல் நீளம், செதிலே இல்லாத மெல்லிய உடல், உள்ளே இருப்பது தெரியுமளவுக்கு நிறமற்ற தோல். பெரிய மீன் மூச்சுவிடச் செவுள் மூடியைத் திறக்கும் நொடியில் அது உள்ளே நழுவிவிடும். தலையின் இருபுறமும் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. அவற்றை ஊன்றிக்கொண்டால் செவுளில் பாயும் நீர் அதை வெளியே தள்ள முடியாது. பிறகு ஊசிப்பற்களால் ஒரு தமனியைக் கடிக்கும்.

செவுளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். மீனின் இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் போவது செவுளுக்கு. அங்கே அழுத்தம் அதிகம். 2004ல் பிரேசில் ஆய்வாளர்கள் ஜான்சென் சுவானோனும் இவான் சாசிமாவும் வெளியிட்ட ஆய்வின்படி, கான்டிரு உறிஞ்சுவதாகத் தெரியவில்லை. தமனி அறுபட்டதும், மோட்டார் ஓடும்போது வெட்டுப்பட்ட குழாயில் தண்ணீர் பீறிடுவதுபோல, இரை மீனின் இதயமே இரத்தத்தைக் கான்டிருவின் வயிற்றுக்குள் இறைத்துவிடுகிறது. 30 முதல் 145 விநாடிகளில் விருந்து முடிந்துவிடும். வயிறு உப்பி, தோல் வழியே சிவப்பாகத் தெரிய, தானாகவே கழன்று வெளியேறும்.

ஆற்றில் சிறுநீர் கழிப்பவரின் உடலுக்குள் இந்த மீன் புகுந்துவிடும் என்பதுதான் அந்தக் கதை. 1829லேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ட்டியஸ் இதை எழுதினார்; எழுதியது ஊரார் சொல்லக் கேட்டது, கண்ணால் கண்டதல்ல. மீன்கள் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன, சிறுநீரிலும் அந்த வாடை உண்டு, அதனால் ஏமாறுகிறது என்று பின்னாளில் காரணமும் கற்பித்தார்கள். 2001ல் வெளியான சோதனையில் அமோனியாவை நீரில் கலந்தும் கான்டிரு திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்துத்தான் இரை தேடுகிறது என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். சிறுநீர்த் தாரையிலேயே ஏறிவரும் என்பதை இயற்பியலே அனுமதிக்காது.

இதன் நெருங்கிய உறவுக் கெளுத்திகள் சில, மற்ற மீன்களின் செதிலையும் மேல்தோல் வழவழப்பையும் சுரண்டித் தின்று வாழ்கின்றன. அவையும் அதே ஆறுகளில்தான் இருக்கின்றன.