வலிமை எதனால் வந்தது?

தரிசு நிலத்தில் நடப்பவர் காலைக் குத்தும் நெருஞ்சில், இன்று ‘டிரிபுலஸ்’ என்ற பெயரில் டப்பாவில் அடைபட்டு ஜிம்முக்கு வருகிறது. சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கப்படும் மூலிகைதான் அது. பல்கேரியப் பளுதூக்கும் வீரர்களின் வெற்றிக்கு அதுவே காரணம் என்ற பேச்சு பரவியதும், ஆண் ஹார்மோனைத் தூண்டித் தசையை ஏற்றும் மாத்திரையாக உலகச் சந்தையில் இறங்கியது. “நானே சாப்பிட்டேன், நல்லா ஏறுச்சு” என்று சொல்ல எந்த ஊர் ஜிம்மிலும் ஆள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால், 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். முன்னணி ரக்பி லீக் வீரர்கள் 22 பேர் ஐந்து வாரம் கடும் பயிற்சி எடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 450 மில்லிகிராம் நெருஞ்சில் சாரம். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவினருக்கும் பலம் கூடியிருந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நெருஞ்சில் சாப்பிட்டவரை மட்டும் கேட்டிருந்தால், ‘வேலை செய்கிறது’ என்றுதான் சொல்லியிருப்பார். ஏறியது உண்மை, ஏற்றியது பயிற்சி.

நம்பிக்கையும் எடை தூக்கும்

1972-இல் அமெரிக்காவில் கிடியோன் ஏரியல், வில்லியம் சாவில் என்ற இருவர் இதைவிட வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்த 6 இளைஞர்களிடம், ஸ்டீராய்டு தருவதாகச் சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களைவிட வேகமாக அவர்களின் பலம் கூடியது. தூக்கிய எடையில் கற்பனை எதுவும் இல்லை. மாத்திரையில்தான் ஒன்றும் இல்லை.

டப்பா வாங்கிய கையோடு பெரும்பாலானோர் வேறு பலவற்றையும் மாற்றிக்கொள்கிறார்கள். போட்ட காசுக்காகவாவது தவறாமல் ஜிம்முக்குப் போகிறார்கள், முட்டை கூடுகிறது, நேரத்துக்குத் தூங்குகிறார்கள். இத்தனையும் சேர்ந்து தந்த பலனுக்குரிய பெயரை டப்பா தட்டிக்கொண்டு போகிறது.

ஆய்வில் தேறியவை

ஜிம்மில் பலர் எடுக்கும் கிரியேட்டின் என்ற பவுடர் தேறியிருக்கிறது. வாயால் உட்கொள்ளும் கிரியேட்டின் தசையில் சேர்கிறது என்பதை 1992-இல் ரோஜர் ஹாரிஸ் குழு காட்டியது. அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகள், எடைப் பயிற்சியோடு சேரும்போது அது பலம் கூட்டுகிறது என்பதை உறுதிசெய்தன. தினம் 3 முதல் 5 கிராம் போதும்.

புரதத்துக்கும் அளவு உண்டு. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த அலசல், உடல் எடையில் கிலோவுக்குத் தினம் சுமார் 1.6 கிராமுக்கு மேல் சாப்பிடுவதால் தசைக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை என்றது. 60 கிலோ இளைஞருக்கு அது 96 கிராம். முட்டை, மீன், கோழி, பால், பருப்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பற்றாக்குறைக்கு மட்டும் புரதப் பவுடர் உதவும்.

அனுபவம் பேச வேண்டிய இடம்

ஆய்வு சொல்வது பெரும்பாலும் சராசரி. 2004-இல் 11 ஆண்களுக்குக் கிரியேட்டின் கொடுத்துப் பார்த்தபோது, 3 பேரின் தசையில் அது நன்றாகச் சேர்ந்தது. 3 பேருக்கு ஏறக்குறைய சேரவே இல்லை. உங்களுக்கு எப்படி என்பதை உங்கள் உடம்புதான் சொல்லும். வே புரோட்டீன் குடித்தால் வயிறு உப்புகிறதா, மாலையில் எடுக்கும் காஃபீன் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்பதையும் நீங்கள்தான் அறிய முடியும்.

அதற்கு ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். தூக்கும் எடையை நோட்டில் எழுதுங்கள். பிறகு நிறுத்திப் பாருங்கள். கிரியேட்டின் என்றால் தசையில் சேர்ந்தது வடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும்.

உடம்பால் உணர முடியாதவையும் உண்டு. இந்தியச் சந்தையின் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், 25-இல் லேபிள் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற நண்பரின் சான்றிதழ் இங்கே செல்லாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த டப்பாவையும் திறக்கக் கூடாது.

சொற்பச் சம்பளத்தில் பாதியைப் பவுடருக்குக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தம்பிகளே, ஜிம் மாஸ்டரிடமும் கடைக்காரரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதைச் சாப்பிடாமல் இதே பயிற்சியைச் செய்தவர்களுக்கு எவ்வளவு ஏறியது?” பதில் இல்லையென்றால், அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிச் சாப்பிடுங்கள்.