மேட்டுத் தெருவின் நீரும் பள்ளத் தெருவின் கண்ணீரும்

2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களைத் தென்மாவட்ட மக்கள் எளிதில் மறவார். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்பகுதியில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையையும் மிஞ்சிய அளவு அது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, தெருக்கள் ஆறுகளாயின. உணவுப் பொட்டலங்களும் போர்வைகளும் எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்தன. பிறரன்பு அந்நாட்களில் குறைவின்றி விளங்கிற்று.

ஆயினும் வெள்ளம் வடிந்தபின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. துன்பம் வந்தபின் அள்ளிக் கொடுக்கும் நாம், அது வருமுன் தடுப்பதற்குக் கொடுக்க முன்வருகிறோமா?

95 செ.மீ. மழையை எந்தச் சிறு நகரத்தின் வடிகாலும் தாங்காது என்பது உண்மையே. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்கே பல ஊர்களில் வீட்டினுள் நீர் புகுகின்றதே, அதற்குக் காரணம் என்ன? ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் திரளும் நீர் 1 லட்சம் லிட்டர். மண் தரை அதில் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். சிமெண்டுத் தளமோ ஏறக்குறைய முழுவதையும் தெருவிற்குத் தள்ளிவிடும். நாம் முற்றங்களுக்குத் தளமிட்டோம், குளங்களைத் தூர்த்தோம், மறுகால் ஓடைகளில் மனை பிரித்தோம். நீர் மட்டும் தன் பழைய வழியை மறக்கவில்லை.

வடிகால் அமைக்கப் பணம் வேண்டும். சிறு நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? சொத்து வரி, மாநில அரசு பகிர்ந்தளிக்கும் பங்கு, மத்திய நிதிக்குழுவின் மானியம், கடன் ஆகியவையே முக்கிய வழிகள். 15 ஆம் நிதிக்குழு 2021–26 ஆண்டுகளுக்காகச் சிறு நகரங்களுக்கு வகுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் உரியதாயிற்று. வடிகால் உள்ளிட்ட பிற தேவைகள் எஞ்சிய 40 விழுக்காட்டிற்குப் போட்டியிட வேண்டியிருந்தது. அதே நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு துயர்துடைப்பிற்கும் சீரமைப்பிற்கும் ஆயத்தத்திற்கும் ஒதுக்கப்பட்டது. ஆபத்தை முன்கூட்டியே தணிக்கும் பணிகளுக்கு 20 விழுக்காடு. இதற்கெனத் தனிப் பங்கு ஒன்று வகுக்கப்பட்டது நல்ல தொடக்கமே. எனினும் வெள்ளம் வந்தபின் செலவிடுவதே இன்னும் நம் வழக்கமாக இருக்கின்றது என்பதையும் இக்கணக்கு காட்டுகின்றது.

மக்கள் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னையை அடுத்த ஆலந்தூர், தனி நகராட்சியாக இருந்த 1990 களின் இறுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டது. குடும்பங்கள் வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வீதம் முன்பணம் செலுத்தின. மக்களே பணம் கட்டியதால் கடனும் மானியமும் கிடைப்பது எளிதாயிற்று.

ஆனால் மழைநீர் வடிகாலுக்கு அத்தகைய ஆதரவு கிட்டுவது அரிது. சாக்கடைக் குழாய் நம் வீட்டுக்குள் வருகின்றது. கொடுத்த பணத்தின் பயனைக் கண்ணாரக் காண்கிறோம். வடிகாலோ பெரும்பாலும் நம் தெருவைக் காப்பதன்று, அடுத்த தெருவைக் காப்பது. மேட்டில் வீடு கட்டியவர், “என் வாசலில் நீர் நிற்பதில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்கிறார். அவர் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த மழைதான் பள்ளத்துக் குடிசையின் அடுப்பை அணைக்கின்றது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டின் பெல்வியூ நகரம் 1974 இல் மழைநீருக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்திக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஜெர்மனியிலும் பல ஊர்களில், எவ்வளவு தரையைத் தளமிட்டு மூடினாரோ அவ்வளவிற்கு ஏற்ப வீட்டுக்காரர் கட்டணம் செலுத்துகிறார். பிறர்மீது நாம் ஏற்றும் சுமையில் நமக்கும் பங்குண்டு என்பதே இதன் பொருள்.

இது நமக்குப் புதிய போதனையன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, நேரிய வரிகளைச் சூழ்ச்சியால் தட்டிக்கழிக்கும் போக்கைக் கண்டிக்கிறது. வரி செலுத்துவதும் பிறரன்பின் ஒரு வடிவமே அன்றோ? நல்ல சமாரியரை நினைவுகூர்வோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரரிடம் பணம் கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் அதையும் தாமே ஏற்பதாக வாக்களித்தார். வடிகாலுக்கும் அத்தகைய தொடர்ந்த பொறுப்பு வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டு, ஆண்டுதோறும் தூர்வாரப் பணம் ஒதுக்காவிட்டால், அது குப்பைத் தொட்டியாகவே மாறும்.

நாம் செய்யக்கூடியவை பல. சொத்து வரியை உரிய காலத்தில் செலுத்துவோம். குறைத்துக் காட்டி ஏய்க்காதிருப்போம். தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பெற்றன. அத்தகைய கூட்டங்களில் பங்கேற்று, நம் தெருவிற்கு விளக்குக் கேட்குமுன் பள்ளத் தெருவிற்கு வடிகால் கேட்போம். பங்கு ஆலய வளாகம் முழுவதையும் சிமெண்டால் மூடாது, மழைநீர் மண்ணுக்குள் இறங்க இடம் விடுவோம். வடிகாலில் குப்பை கொட்டும் வழக்கத்தை நம் பிள்ளைகளின் கண்முன்னேயே கைவிடுவோம்.

வடிகாலுக்குக் கொடுப்பவர் பெயரைக் கல்லில் பொறிப்பாரில்லை. ஆனால் பெருமழை பெய்யும் ஓர் இரவில், பள்ளத் தெருவில் ஒரு தாய் தன் குழந்தையை உலர்ந்த தரையில் உறங்க வைப்பாள். அதற்குக் காரணமானவர் யாரென்று அவள் அறியாள். மறைவில் உள்ளதைக் காணும் வானகத் தந்தை அறிவார்.