உங்களுக்குத் தெரியுமா? கூரையில் கல்நார்!

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை சர்வசாதாரணம். சிமெண்டோடு சுமார் 10 சதவீதம் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த தகடு அது. சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. துளைத்தால், அறுத்தால், உடைத்தால் நுண்ணிழைகள் காற்றில் பறக்கும். அவற்றைச் சுவாசித்து 20, 40 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். ஷீட்டில் கல்நார் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது (கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும்!). தண்ணீரில் நனைத்துப் பெயர்த்த சிறு துண்டை, ஆய்வகத்தில் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதே சோதனை. கல்நாரின் ஒரு வகையான வெள்ளைக் கல்நாருக்கு இந்தியாவில் முழுத் தடை இன்னும் வரவில்லை. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பழைய குடோனை இடிக்கப் போகிறீர்களா? கடப்பாரைக்கு முன் சோதனையை முடித்துவிடுங்கள்.