சென்னையை விட அருகில் தாஷ்கண்ட்: டெல்லியிலிருந்து விமானப் பயண நேரம் மாறுவது ஏன்?

புதுடெல்லி: டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 1,580 கிலோமீட்டர். டெல்லி - சென்னை இடையிலான தூரமோ சுமார் 1,760 கிலோமீட்டர். அதாவது, டெல்லியிலிருந்து பார்த்தால் சென்னையை விட தாஷ்கண்டே அருகில் உள்ளது. ஆயினும், 2025 ஏப்ரல் இறுதியில் டெல்லி - தாஷ்கண்ட் விமானங்களை இண்டிகோ நிறுவனம் நிறுத்த நேர்ந்தது. வரைபடத்தில் காணும் தூரமும் விமானம் பறக்கும் தூரமும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணம்.

தூரமும் நேரமும்

உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு நகரங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடே வான்வழி நேர்த்தூரம் எனப்படுகிறது. பயணிகள் விமானங்கள் பொதுவாக மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. இதன்படி தாஷ்கண்டை இரண்டு மணி நேரத்தில் அடைந்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால், ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், கீழிறங்குதல், எதிர்க்காற்று ஆகியவற்றையும் சேர்த்தால் நேர்வழிப் பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரமாகிறது.

மூடப்பட்ட வான்பரப்பு

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் வான்பரப்பின் மீது முழு இறையாண்மை உண்டு. பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தனது வான்பரப்பை மூடியது. ஏப்ரல் 30 அன்று பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியாவும் தடை விதித்தது. பின்னர் இத்தடைகளை இரு நாடுகளும் ஏறத்தாழ ஒவ்வொரு மாதமாக நீட்டித்து வந்தன. 2019இலும் பிப்ரவரி இறுதி முதல் ஜூலை 16 வரை இதே நிலை நிலவியது.

டெல்லி - தாஷ்கண்ட் நேர்வழி பாகிஸ்தானைக் கடந்தே செல்கிறது. அதைத் தவிர்க்க அரபிக்கடல், ஈரான், துர்க்மெனிஸ்தான் வழியாகச் சுற்றினால், தூரம் தோராயமாக 4,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இது நேர்த்தூரத்தைப் போல் இரண்டரை மடங்கு. கட்டுப்பாடுகளால் மாற்றுப் பாதைகள் குறைந்துவிட்டதால், தாஷ்கண்டும் கஜகஸ்தானின் அல்மாட்டியும் தனது விமானங்களின் இயக்க எல்லைக்கு வெளியே சென்றுவிட்டதாக இண்டிகோ அப்போது அறிவித்தது.

மலைகளைக் கடந்து செல்ல இயலாதா?

வடக்கே இமயமலை, காரகோரம் தொடர்களின் மேல் செல்வதும் எளிதன்று. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால் சுமார் 10,000 அடி உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். சிகரங்களோ 20,000 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. பயணிகளுக்கான அவசர ஆக்சிஜனும் பொதுவாகச் சில நிமிடங்களுக்கே போதுமானது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

பாகிஸ்தானின் தடை இந்திய விமானங்களுக்கு மட்டுமே உரியது. எனவே, உஸ்பெகிஸ்தான் ஏர்வேஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் நேர்வழியில் பறக்க இயலும். உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும், முன்பதிவுக்கு முன் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையது, மொத்தப் பயண நேரம் எவ்வளவு என்பதைச் சரிபார்ப்பது நல்லது. பயணச்சீட்டில் உள்ளவை அந்தந்த நகரின் உள்ளூர் நேரங்களாகும். தாஷ்கண்ட் நேரம் இந்திய நேரத்தை விட அரை மணி பின்தங்கியது.